25 நாளில் பிறந்த வேட்டைக்காரன்

தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, கேட்டவுடன் மைக்கும் நாற்காலியும் அனுப்பிவைத்த வார்டு உறுப்பினர் அவர்களே, கடைசி பஸ்ஸை நினைக்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். எனக்குக் கொடுத்தது 15 நிமிடம். தலைவரைப் பாராட்டியதிலேயே மூன்று போய்விட்டது. போகட்டும், அவருக்குத் தகும்.

சோவியத் நாட்டின் எஸ்.யூ.-152 பீரங்கி வண்டி பிறந்த கதை, போரில் அது செய்த வேலை, அதன் குறைகள் என்று மூன்றையும் சொல்லப்போகிறேன்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார் என் ஆத்தா. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரோடு ஸ்டாலின்கிராட் சண்டை நடந்த காலம். எதிரியின் அரண்களை உடைக்க, கவசத்துக்குள் உட்கார்ந்து சுடும் பெரிய பீரங்கி தேவைப்பட்டது. லெனின்கிராடின் கீரோவ் ஆலை அப்போது யூரல் பக்கம் செல்யாபின்ஸ்குக்கு இடம்பெயர்ந்திருந்தது. அங்கே டாங்கி வடிவமைப்பாளர் யோசிஃப் கோத்தினின் குழுவிடம் வேலை வந்தது. புதிதாக வரைய நேரமில்லை. கே.வி.-1எஸ் டாங்கி இருந்தது, எம்.எல்.-20 என்ற 152 மி.மீ. பீரங்கி இருந்தது. ஆனால் சுழலும் கோபுரத்துக்குள் பீரங்கி அடங்காது. சரி, கோபுரமே வேண்டாம் என்று இரும்புப் பெட்டி ஒன்றைக் கட்டி அதற்குள் பொருத்திவிட்டார்கள். 1943 ஜனவரியில், 25 நாளில்! நம் தெருமுனைச் சாக்கடைப் பாலத்துக்கு எத்தனை நாள் ஆயிற்று? வார்டு உறுப்பினர் சிரிக்கிறார், விட்டுவிடுகிறேன்.

குண்டு போடுபவரை நினைத்துப் பாருங்கள். ஒரு குண்டு 40 கிலோவுக்கு மேல். சிமெண்டு மூட்டையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நம் கொத்தனார் தம்பி மூட்டையைத் தோளில் போட்டு வெயிலில் நடப்பார். இவரோ பெட்டிக்குள் குனிந்து, மற்ற நால்வர் முழங்கை இடிக்க, முதலில் குண்டு, அப்புறம் வெடிமருந்து அடைத்த குப்பி என்று தனித்தனியாகத் திணிக்கவேண்டும். புகை வேறு. நிமிடத்துக்கு இரண்டு போட்டாலே கெட்டிக்காரர். வண்டியில் இருப்பதும் 20 குண்டுதான்.

1943 ஜூலை, ரஷ்யாவின் கூர்ஸ்க் போர்க்களம். ஜெர்மானியர் தங்கள் டாங்கிகளுக்குப் புலி, சிறுத்தை என்று பெயர் வைத்திருந்தார்கள். அரண் உடைக்கப் பிறந்தது புலியையும் உடைத்தது. அந்த எடையுள்ள குண்டு மோதினால் கவசம் துளைபடாவிட்டாலும் உள்ளே இருப்பவர் கதி அதோகதிதான். வீரர்கள் வைத்த பெயர் ‘ஸ்வெரோபோய்’, மிருக வேட்டைக்காரன். செய்தது 670 வண்டி அளவில்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் இதன் வாரிசாக ஐ.எஸ்.யூ.-152 என்ற வண்டி வந்துவிட்டது.

அந்த ஆலைகளில் லேத் முன் நின்றவர்களில் பெண்களும் பள்ளி வயதுப் பிள்ளைகளும் ஏராளம். பிள்ளைகளை நிறுத்தியது போரின் கொடுமை, அதை நான் மெச்சவில்லை. ஆனால் வல்லவனுக்குத்தான் புல் ஆயுதம், வல்லவனாக்கப் பட்டறை வேண்டாமா? 31 ஆண்டு லேத் ஓட்டியவன் சொல்கிறேன். நம் ஊர்த் தொழிற்பயிற்சிப் பட்டறை சாயங்காலம் ஆனால் பூட்டு. ஆறிலிருந்து எட்டு வரை திறந்துவிட்டால் நானே கூலியில்லாமல் சொல்லித்தருகிறேன்.

குறைகளா? செயலாளர் மணி அடித்துவிட்டார். பட்டறையைத் திறக்கக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டிவைத்திருக்கிறேன்.