மூன்றாவது வரிசையில் ஓர் இடம்

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் சுவரோரம் நிற்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

என்னை நாடகக் கலைஞர் என்று அறிமுகப்படுத்தினார்கள். அதைத் திருத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நான் மேடை ஏறியவன் இல்லை. எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பதினெட்டு ஆண்டுகளாக டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், முடிந்தால் மூன்றாவது வரிசையில், உட்காருகிறவன். ரசிகன். ரசிகனாக இருப்பது ஒரு வேலை. அந்த வேலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

என் தந்தை பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்தில் அரிச்சந்திரன் நாடகம் போடுவார்கள். எண்ணெய்ப் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தி, அதன்மேல் பலகை அடித்தால் மேடை. நாலு சேலைகளைச் சேர்த்துத் தைத்தால் திரை. வெளிச்சத்துக்கு இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகள். என் தந்தைதான் சந்திரமதி. கட்டிக்கொள்வதற்குத் தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டு அம்மா பட்டுச் சேலை கொடுப்பார். மயானக் காட்சியில் எதிர் லயத்துப் பாட்டி, அதாவது எதிர் வரிசைத் தொழிலாளர் வீட்டுப் பாட்டி, வாய்விட்டு அழுதுகொண்டே எழுந்து வந்து, ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டை அந்தச் சேலையில் குத்திவிட்டுப் போவாராம். விடியும் வரை நாடகம் நடக்கும். முகத்துச் சாயத்தைக் கழுவியும் கழுவாமலும் அப்படியே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய் நிற்பார்கள்.

அந்த மேடைக்கு யார் பணம் கொடுத்தார்கள்? நிர்வாகம் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வீடு வரி வசூலித்தார்கள். யாருக்காக நடித்தார்கள்? பக்கத்து லயத்துக்காரர்களுக்காக. இன்றைக்கு நகரத்தில் சுயாதீன நாடகம், சுயாதீன இசை என்று எதைச் சொல்கிறார்களோ, அதுதான் இது. பெரிய நிறுவனத்தின் தயவு இல்லாமல், தங்கள் சொல்லைத் தாங்களே மேடையேற்றுவது. நாம் அதற்குப் புதியவர்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் தோட்டத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்கு வந்தார்கள். பீப்பாய் மேடை கூடவே வரவில்லை. அந்த இடம் எனக்குள் நெடுநாள் காலியாகவே கிடந்தது.

2006இல் ராப் பாடகர் யோகி பி-யும் நட்சத்திரா குழுவும் ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். இந்த ஊர்க் கடைத்தெருவில்தான் அதை முதலில் கேட்டேன். சினிமாவுக்காகப் போட்ட பாட்டில்லை. சென்னையிலிருந்து வந்ததுமில்லை. நம் நாட்டுப் பிள்ளைகள் தமிழில் எழுதிப் பாடியது, பிறகு தமிழ்நாடு வரைக்கும் போய் ஒலித்தது. இவர்களையெல்லாம் நேரில் கேட்க வேண்டும் என்ற ஆசைதான் என்னைக் கோலாலம்பூருக்கு இழுத்தது. பாட்டுக் கேட்கப் போனவனை ஒரு நண்பர் செந்தூலுக்கு அழைத்துச் சென்று நாடகத்துக்கு முன்னால் உட்கார வைத்தார்.

செந்தூல் என்றால் நம் பெரியவர்களுக்கு ரயில்வே பட்டறைதான் நினைவுக்கு வரும். எத்தனையோ தமிழர்கள் அங்கே சுத்தியல் பிடித்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் பாழடைந்து கிடந்த பழைய ரயில்வே கட்டடம் ஒன்றைத்தான் 2005இல் கோலாலம்பூர் நிகழ்கலை மையமாக ஆக்கினார்கள். அதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. ஜோ ஹாஷமும் ஃபரிதா மெரிக்கானும் 1989இல் தொடங்கிய ‘ஆக்டர்ஸ் ஸ்டூடியோ’ குழுவின் அரங்கம் முன்பு மெர்டேக்கா சதுக்கத்தின் அடியில், நிலத்துக்குள்ளே இருந்தது. 2003 ஜூன் மாதம் பெய்த மழையில் வெள்ளம் புகுந்து அரங்கம் மூழ்கிப்போனது. இரண்டே ஆண்டுகளில் செந்தூலில் மறுபடி விளக்கேற்றினார்கள். நான் முதன்முதலாக அங்கே உட்கார்ந்தபோது இந்தக் கதை எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு, அந்தப் பழைய செங்கல் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் உள்ளே போனதில்லை.

அன்று பார்த்தது மலாய் நாடகம். ‘நமக்கு என்ன புரியப் போகிறது?’ என்று தயங்கினேன். விளக்கு அணைந்து, ஒரு நடிகர் மூச்சு வாங்குவது மூன்றாவது வரிசை வரைக்கும் கேட்டது. எதிர் லயத்துப் பாட்டி ஏன் எழுந்து போனார் என்று அன்றுதான் விளங்கியது.

மொழியைப் பார்த்து ஒதுங்காதீர்கள் என்று தம்பிகளுக்குச் சொல்கிறேன். மலாய் பங்சாவான் நாடகமே, இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பிறந்ததுதான். 1880களில் மாமாக் பூஷி என்பவர் அதை இங்கே தொடங்கி வைத்தார். ஆங்கில நாடகம் நமக்கு அந்நியமா? கெடா பிடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் எழுதிய ‘தி கார்ட்’ தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையைப் பேசும் நாடகம். 1984இல் ‘ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர்’ என்ற கலை அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பிரட்டுக்களத்தையும் லயத்தையும் கோலாலம்பூர் மேடைக்குக் கொண்டுபோனவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லையே என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

அதே அமைப்பை நிறுவியவர்களில் இன்னொருவர் கிரிஷன் ஜித். பெரிய இயக்குநர். ஆனால் எனக்கு அவர் வேறொரு காரணத்துக்காக முக்கியமானவர். ‘ஊத்தி’ என்ற புனைபெயரில் ஆங்கில நாளிதழில் பல ஆண்டுகள் நாடகங்களைப் பற்றி எழுதினார். நாடகம் முடிந்தால் மேடை காலி, அதற்குப் பிறகு அது இருந்ததற்குச் சாட்சி பார்த்தவன் மட்டும்தான். அதனால் நானும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். தேதி, நடித்தவர்கள், மனத்தில் நின்ற ஒரு காட்சி. மூன்றே வரிகள். பதினெட்டு ஆண்டுகளில் ஏழு நோட்டுகள் நிறைந்துவிட்டன.

இப்போது பணக் கணக்கு. வெட்கப்படாமல் பேச வேண்டிய விஷயம். இருநூறு இருக்கைகள் கொண்ட சிறிய அரங்கம், ஐந்து காட்சிகள், டிக்கெட் 50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் நிறைந்தால் 50,000 வெள்ளி. பாதிதான் நிறைந்தது என்றால் 25,000. வாடகை, விளக்கு, ஒலி, உடை, விளம்பரம் எல்லாம் போக 10,000 மிஞ்சினால் அதுவே அதிர்ஷ்டம். பத்துப் பேர் இரண்டு மாதம் ஒத்திகை பார்த்திருப்பார்கள். தலைக்கு ஆயிரம், அதுவும் இரண்டு மாதத்துக்கு. இன்று நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளி. இசைக்குழுவின் கதையும் இதேதான். கருவிகளை ஏற்றிக்கொண்டு வந்த வேன் வாடகை கூடக் கட்டாத இரவுகள் உண்டு.

இந்தக் கணக்கு தெரிந்த பிறகும், ‘எனக்கு அந்த நடிகரைத் தெரியும், சும்மா உள்ளே விடுவார்’ என்று சொல்பவரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. தெரிந்தவர் என்றால் அல்லவா முதல் ஆளாக முழு விலை கொடுக்க வேண்டும்?

ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, இந்த ஊரில் நான் வெளி உதாரணம் தேட வேண்டியதில்லை. 1950களின் கடைசியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், இந்த மண்ணில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள் என்று கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தொழிலாளர்கள் தோட்டங்களையே வாங்கினார்கள். நம் தாத்தாக்களுக்குப் பத்து வெள்ளியின் பலம் தெரிந்திருந்தது.

உறுமி மேளக்காரத் தம்பிகள் நாலைந்து பேர் அங்கே நிற்பதைப் பார்க்கிறேன். உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. இந்த ஊரின் சுயாதீன இசை நீங்கள்தான். தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் வாசிக்கிறீர்கள், கல்யாணத்தில் வாசிக்கிறீர்கள். எல்லோரும் உங்களைக் கடந்து நடந்துகொண்டே கேட்கிறார்கள். உட்கார்ந்து யாரும் கேட்டதில்லை. ஒரு மணி நேரம், இதே மண்டபத்தில், ஊர்வலமும் அறிவிப்பும் இல்லாமல் நீங்கள் வாசியுங்கள். நாங்கள் டிக்கெட் வாங்கி, கைப்பேசியை அணைத்துவிட்டு உட்காருகிறோம். பெரியோர்களே, பத்து வெள்ளி கொடுப்பீர்களா? கை தூக்குங்கள். நன்றி. தம்பி, எண்ணிக்கொள்.

நான் அடுத்த சனிக்கிழமை செந்தூலுக்குப் போகிறேன். ஈப்போவிலிருந்து காலை ரயில். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். டிக்கெட் அவரவர் பணத்தில்தான் வாங்க வேண்டும். வழியில் பசியாறுவது என் செலவு.