நோட்புக்கில் பைத்தான் மட்டும்தானா? | காட்பாடி வ்லாக்

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். காட்பாடி வெயிலில் மொட்டை மாடி ரூமில் அதை நிறுத்திவிட்டு வீடியோ எடுக்க முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜூபிட்டர் நோட்புக் என்றால் கோடும் அதன் விடையும் ஒரே இடத்தில் தெரிகிற பிரவுசர் பக்கம். அதில் பைத்தான் தவிர மற்ற மொழிகளை எப்படி ஓட்டுவது என்றுதான் பார்க்கப் போகிறோம். நம்ம பக்கத்து மழைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபைலில் வட ஆற்காடு என்று ஒரே வரி. 1989இல் அது இரண்டு மாவட்டமானது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இதையெல்லாம் ஒட்டவைக்கிற புரோகிராமை எனக்குத் தெரிந்த ஒரு அக்கா ஆர் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதி வைத்திருக்கிறார். அதை வாங்கி ஓட்டப் பார்க்கிற பசங்க லேப்டாப்பில் இருப்பதோ பைத்தான் மட்டும். லிங்க்கைத் தட்டினதும் ஓட வேண்டும் என்றால் பைண்டர்தான் வழி, அதாவது நம்ம நோட்புக்கை இணையத்தில் வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுகிற சேவை.

ஜூபிட்டருக்கு மொழி எதுவும் தெரியாது. நோட்புக்கில் செல் என்கிற கட்டத்தில் நீங்கள் எழுதினதை அப்படியே கெர்னலுக்கு, அதாவது அந்த மொழியை ஓட்டுகிற புரோகிராமுக்கு, அனுப்பும், வந்த பதிலைக் காட்டும், அவ்வளவுதான். எந்த கெர்னலை எப்படிக் கிளப்புவது என்பது கெர்னல் டாட் ஜேசன் என்ற குட்டி ஃபைலில் இருக்கிறது: ஓட்ட வேண்டிய கமாண்ட், மெனுவில் தெரிகிற பெயர், மொழி. அதனால் புது மொழி சேர்ப்பது என்றால், அந்த கெர்னலை கன்டெய்னருக்குள், அதாவது பைண்டர் நோட்புக்கை ஓட்டுகிற தனிப் பெட்டி மாதிரியான சூழலுக்குள், உட்கார வைப்பதுதான் வேலை.

பைண்டருக்குப் பின்னால் ரெப்போ டு டாக்கர் என்ற கருவி இருக்கிறது. உங்கள் ரெப்போவில், அதாவது கிட்ஹப் மாதிரி தளத்தில் நீங்கள் போட்டிருக்கிற ஃபோல்டரில், இருக்கிற ஃபைல்களைப் பார்த்து இமேஜ் கட்டும். இமேஜ் என்றால் கன்டெய்னரை உருவாக்குகிற அச்சு. ஆர் என்றால் இன்ஸ்டால் டாட் ஆர் ஃபைலில் பேக்கேஜ்களை எழுதுங்கள். ரன்டைம் டாட் டெக்ஸ்டில் ஆர் வெர்ஷனோடு ஒரு தேதியும் போடுங்கள். அந்தத் தேதியில் இருந்த பேக்கேஜ்களே இறங்கும், அடுத்த வருஷம் திறந்தாலும் கணக்கு மாறாது. இந்தத் தேதியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்! ஜூலியாவுக்கு ப்ராஜெக்ட் டாட் டாமல் போதும். சி பிளஸ் பிளஸ் வேண்டுமா, என்விரான்மென்ட் ஃபைலில் காண்டா-ஃபோர்ஜ் என்ற பேக்கேஜ் கிடங்கிலிருந்து சியூஸ்-கிளிங் பேக்கேஜைச் சேர்த்தால் கெர்னலும் கூடவே வந்துவிடும்.

ரெப்போ டு டாக்கருக்கே தெரியாத மொழி என்றால்? சிஸ்டம் பேக்கேஜ்களை ஆப்ட் டாட் டெக்ஸ்டில் எழுதுங்கள், கெர்னலைப் பதிவு செய்கிற கமாண்டை போஸ்ட்பில்ட் என்ற ஃபைலில் வையுங்கள். போஸ்ட்பில்ட் சாதாரண யூசராகத்தான் ஓடும், அங்கே அட்மினாக ஓட்டுகிற சூடோ கமாண்ட் செல்லாது. பிறகு டெர்மினலில் ஜூபிட்டர் கெர்னல்ஸ்பெக் லிஸ்ட் அடித்துப் பாருங்கள். உங்கள் மொழி அந்தப் பட்டியலில் வரவில்லை என்றால் கோடில் தப்புத் தேடிப் பிரயோஜனம் இல்லை.

எடுத்த எடுப்பில் டாக்கர்ஃபைல், அதாவது இமேஜை எப்படிக் கட்டுவது என்று நாமே வரிவரியாகச் சொல்கிற ஃபைல், எழுதுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. அது ஒன்று இருந்தால் ரெப்போ டு டாக்கர் மற்ற ஃபைல்களைத் திரும்பியே பார்க்காது. அப்புறம் ஜூபிட்டரை ஏற்றுவது முதல் யூசரை உருவாக்குவது வரை எல்லாம் உங்கள் தலையில்தான்.

முதல் தடவை இமேஜ் கட்ட நேரமாகும். ரெப்போவை மாற்றாதவரை அடுத்தடுத்து சீக்கிரம் திறக்கும். எல்லோருக்குமான பைண்டர் தளமான மைபைண்டரில் பத்து நிமிஷம் போல சும்மா விட்டால் செஷன் போய்விடும், மாற்றின நோட்புக்கும் கூடவே போய்விடும். டீக்கு எழுந்திருக்கும் முன்னால் டவுன்லோட் பண்ணிக்கொள்ளுங்கள்.