போதையில் ஓட்டியது சரி, எந்தக் கவுண்டியில் ஓட்டினார்?

[திரையில்: இரவு நேரச் சாலை. போலீஸ் காரின் நீல விளக்குகள்]

வணக்கம். முதலில் ஒரு கற்பனை வழக்கு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், அட்லாண்டா நகரம். பான்ஸ் டி லியோன் அவென்யூவில் நள்ளிரவு தாண்டி ஒரு கார் கோடு விட்டுக் கோடு தாவிப் போகிறது. போலீஸ்காரர் நிறுத்துகிறார். பாடி கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. மூச்சுச் சோதனையில் ஆல்கஹால் அளவு 0.14, ஜார்ஜியாவில் வரம்பு 0.08. ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, அதிக நேரம் எடுத்துக்கொள்ளாமல் குற்றவாளி என்று சொல்லிவிடுகிறது.

அப்புறம் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகிறது. குடித்திருந்தாரா இல்லையா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. விசாரணைப் பதிவு முழுவதையும் புரட்டினாலும் "ஃபுல்டன் கவுண்டி" என்ற சொல் எந்தச் சாட்சியின் வாயிலிருந்தும் வரவில்லை. அதுதான் காரணம்.

[திரையில்: ஜார்ஜியா வரைபடம், கவுண்டி எல்லைகளுடன்]

கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்மூர் மாவட்டம். ஆனால் அளவு வேறு. ஜார்ஜியா பரப்பில் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரியது. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள்; அங்கே 159 கவுண்டிகள். அரை மணி நேரம் காரில் போனால் இரண்டு மூன்று எல்லைகளைத் தாண்டிவிடலாம், தாண்டியதே தெரியாது.

குற்றம் நடந்த கவுண்டியில்தான் வழக்கு விசாரணை நடக்க வேண்டும் என்று ஜார்ஜியாவின் அரசியல் சட்டமே சொல்கிறது. அங்கே நடுநிலையான ஜூரி கிடைக்காது என்று நீதிபதி கருதினால் மட்டும் விலக்கு. இந்தப் பிடிவாதத்துக்குப் பழைய காரணம் உண்டு. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் பிரிட்டிஷ் மன்னர் மீது அடுக்கிய புகார்களில் ஒன்று, எங்கள் ஆட்களைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் விசாரிக்கிறீர்கள் என்பது. சொந்த ஊர், சொந்த ஊர்க்காரர்களின் ஜூரி என்பதை அவர்கள் உரிமையாகவே பார்த்தார்கள்.

சரி, இதை எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும்? ஒரு காலத்தில், எதிர்த்தரப்பு கேள்வி எழுப்பாவிட்டால் லேசான சாட்சியமே போதும் என்று ஜார்ஜியா நீதிமன்றங்கள் விட்டுவிட்டன. 2000-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் "நான் குற்றவாளி இல்லை" என்று சொன்ன நிமிஷமே, இடமும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டிய ஒன்றாகிவிடுகிறது. அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி.

[திரையில்: சாட்சிக் கூண்டில் போலீஸ்காரர்]

நிரூபிப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. "இதெல்லாம் ஃபுல்டன் கவுண்டியில்தானே நடந்தது?" "ஆமாம்." முடிந்தது. இந்த ஒரு வரி விட்டுப்போனால்தான் சிக்கல். அட்லாண்டா என்று சொன்னோமே, போதாதா என்றால், போதாது. அட்லாண்டா நகரமே ஃபுல்டன், டிகால்ப் என்ற இரண்டு கவுண்டிகளில் கிடக்கிறது. பான்ஸ் டி லியோன் சாலையும் ஒன்றில் கிளம்பி மற்றதற்குள் போகிறது. போலீஸ்காரர் இந்தக் கவுண்டியில் வேலை பார்க்கிறார் என்பது மட்டுமே இடத்துக்குச் சாட்சி ஆகிவிடாது என்றும் தீர்ப்புகள் உண்டு.

ஆனால் 2019-இல் அதே மாநில உச்ச நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது. மற்ற எந்த உண்மையையும் போல இடத்தையும் சூழ்நிலைச் சாட்சியங்களிலிருந்து ஜூரி ஊகித்துக்கொள்ளலாம் என்றது. என்னைக் கேட்டால் இது நியாயம்தான். ஜூரியில் உட்காருபவர்களும் அதே ஊரில் வண்டி ஓட்டுகிறவர்கள்தானே.

கார் ஓடிக்கொண்டே இருக்கும் பொருள் என்பதால் சட்டத்தில் சில கதவுகளும் வைத்திருக்கிறார்கள். எல்லைக் கோட்டிலோ அதை ஒட்டியோ நடந்த குற்றத்தை இரண்டில் எந்தக் கவுண்டியிலும் விசாரிக்கலாம். அட்லாண்டாவின் மோர்லேண்ட் அவென்யூவில் கணிசமான தூரத்துக்குச் சாலையேதான் எல்லை; அங்கே இது ரொம்பவே உதவும். ஓடும் வண்டிக்குள் குற்றம் நடந்து, எந்தக் கவுண்டி என்று எளிதில் கண்டுபிடிக்க முடியாவிட்டால், வண்டி கடந்துவந்த கவுண்டிகளில் குற்றம் நடந்திருக்கக்கூடிய எதிலும் வழக்கு நடத்தலாம். ஒன்றை மறக்கக் கூடாது: மூச்சுச் சோதனை எடுத்த இடம் வேறு, ஓட்டிய இடம் வேறு. ஓட்டிய 3 மணி நேரத்துக்குள் 0.08 இருந்தால் குற்றம் என்பதால், சோதனை பக்கத்துக் கவுண்டியில்கூட நடந்திருக்கலாம். நிரூபிக்க வேண்டியது ஓட்டிய இடத்தை.

[திரையில்: எதிர்த்தரப்பு வழக்கறிஞர், மூடிய கோப்பு]

இனி வழக்கறிஞர்களின் விளையாட்டு. அரசுத் தரப்பு சாட்சியத்தை முடித்ததும், கவுண்டியை நிரூபிக்கவில்லை என்று எதிர்த்தரப்பு எழுந்து சொன்னால் என்ன ஆகும்? போலீஸ்காரரை மறுபடி கூப்பிட்டு அந்த ஒரு கேள்வியைக் கேட்க நீதிபதி அனுமதி தரலாம். ஓட்டை அடைபட்டுவிடும். அதனால் கெட்டிக்கார வழக்கறிஞர் அப்போது வாயே திறக்க மாட்டார். விசாரணையில் எதிர்க்காமல் இருந்தாலும் மேல்முறையீட்டில் இதை எழுப்பலாம் அல்லவா!

ஜெயித்தால் விடுதலையா? அவசரப்பட வேண்டாம். இடம் நிரூபிக்கப்படாததால் தீர்ப்பு ரத்தானால் மறுவிசாரணைக்குத் தடை இல்லை. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஒரு ஃபெடரல் வழக்கில், அதாவது மத்திய அரசு தொடுத்த வழக்கில், இதையே சொன்னது. அலபாமாவைச் சேர்ந்த ஒரு மென்பொருள் பொறியாளர் மீன்கள் கூடும் செயற்கைப் பாறைகளின் இருப்பிடத் தகவலைத் திருடியதாக வழக்கு. விசாரித்தது தவறான மாவட்டத்தின் ஃபெடரல் நீதிமன்றம். இருந்தாலும் மறுபடி விசாரிக்கலாம் என்று முடிவானது. ஜார்ஜியாவில் சாதாரண டி.யு.ஐ., அதாவது போதையில் வண்டி ஓட்டுவது, ஒரு மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம்; வழக்குத் தொடர 2 வருடம்தான் காலக்கெடு. உண்மையிலேயே தவறான கவுண்டியில் வழக்கைப் போட்டிருந்தால், சரியான கவுண்டி புதிதாகத் தொடங்குவதற்குள் அந்த நாட்கள் ஓடிப்போகலாம். எதிர்த்தரப்புக்கு நிஜமான லாபம் இருப்பது அங்கேதான்.

[திரையில்: டெக்சாஸ் வரைபடம்]

இதே வழக்கு 254 கவுண்டிகள் உள்ள டெக்சாஸில் நடந்திருந்தால்? அங்கே கவுண்டி குற்றத்தின் ஓர் அங்கம் இல்லை. இங்கேதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினாலே போதும். எல்லையிலிருந்து 400 கஜத்துக்குள் நடந்தால் எந்தப் பக்கத்துக் கவுண்டியும் எடுத்துக்கொள்ளலாம். விசாரணையில் ஆட்சேபிக்காதவர் மேல்முறையீட்டுக்குப் போனால், இடம் நிரூபிக்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஜார்ஜியாவில் வாய் திறக்காமல் ஜெயித்த வழக்கறிஞர், டெக்சாஸில் அதே காரணத்தால் தோற்றுப்போவார்.