சிவப்பு விழுந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

ஊருக்கு வெளியே, காரணமே தெரியாமல் ரயில் நின்றுவிடும். "சிக்னல் கோளாறாம்" என்பார் பக்கத்து சீட்காரர். எல்லோரும் உச்சுக்கொட்டுவோம். உண்மையில் சிக்னல் அந்த நேரத்தில் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும்.

தண்டவாளத்தில் மெல்லிய மின்சாரம் ஓடும். அது ரிலே என்ற மின்காந்த ஸ்விட்சை வந்தடைந்தால் பாதை காலி. வண்டி ஏறியதும் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும்; ரிலேக்கு மின்சாரம் போகாது, சிவப்பு விழும். ஒயர் அறுந்தாலும் சிவப்பு, பேட்டரி தீர்ந்தாலும் சிவப்பு, பெரும்பாலும் தண்டவாளம் முறிந்தாலும் சிவப்பு. 1872-ல் வில்லியம் ராபின்சன் இதற்குக் காப்புரிமை வாங்கினார். சந்தேகம் வந்தால் நிறுத்து, அவ்வளவுதான்.

சரி, நிறுத்தியாயிற்று. அப்புறம்? வண்டி அங்கேயே குடியிருக்க முடியாதே. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஓட்டுநரிடம் பேசி, விதிப்படி அனுமதி கொடுத்து, மெதுவாக நகர்த்த வேண்டும். அந்த நேரத்தில் கருவியின் காவல் பெரும்பாலும் இருக்காது. இரண்டு மனிதர்களின் கவனத்தில்தான் மொத்த வண்டியும் போகிறது. ஆபத்து குடியிருப்பது இங்கேதான்.

2011 ஜூலை 23, சீனாவில் வென்ஜோ அருகே மின்னலில் சிக்னல் கருவி பழுதானது. முன்னால் போன ரயிலைத் தானியங்கிக் கட்டுப்பாடு நிறுத்திவிட்டது. பின்னால் வந்த ரயிலுக்கோ பழுதான கருவி பாதை காலி என்று காட்டியது. 40 பேர் இறந்தார்கள். நின்ற வண்டி மீண்டும் மெதுவாக நகரத் தொடங்கிய நேரத்தில்தான் பின்னால் வந்த ரயில் மோதியது.

சிக்னலைப் புதுப்பிக்கிறார்கள் என்றால் புதுக் கம்ப்யூட்டரைப் பற்றியே பேச்சு. அது படுத்துவிட்டால் என்ன செய்வது என்பது திட்டத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். கேட்டால், "மாற்றுக் கம்ப்யூட்டர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது" என்பார்கள். இரண்டிலும் ஒரே மென்பொருள் என்றால் தப்பும் ஒன்றுதானே!

வேல்ஸில் நடந்த கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கேம்ப்ரியன் பாதையில் ஓட்டுநர் பார்த்து ஓட்டுவது இன்ஜினுக்குள் இருக்கும் திரையை. எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்பதும் அதில்தான் வரும். 2017 அக்டோபர் 19 இரவு கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் தானாக நின்று மறுபடி எழுந்தது. எழும்போது தற்காலிக வேகக் கட்டுப்பாடுகளை ஏற்ற மறந்துவிட்டது. அது போதாதென்று, எல்லாம் ஏற்றியாயிற்று என்று கட்டுப்பாட்டு அறைத் திரை காட்டியது! மறுநாள் காலை, 30 கிலோமீட்டர் வேகத்தில் அணுக வேண்டிய ஒரு கேட்டை ஒரு ரயில் 80-ல் அணுகியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தன் திரையில் வர வேண்டியது வரவில்லையே என்று ஓட்டுநர் ஒருவர் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பாதையை அவர் மனப்பாடமாக அறிந்தவர்.

கோளாறு நேரம் என்றால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும் நேரமும் அதில் சேர்த்திதான். கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது என்பதை அதே கம்ப்யூட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. வேறொரு வழியில் சரிபார்க்க வேண்டும். மாற்று ஏற்பாட்டை நல்ல நாளிலேயே ஓட்டிப் பார்த்துப் பழக வேண்டும். வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்டைக் கைப்பிடி போட்டுத் திருப்பி, அசையாதபடி கிளாம்ப் மாட்டிப் பூட்டுவதை நள்ளிரவு மழையில் முதல்முறையாகச் செய்யச் சொன்னால் யாரால் முடியும்?

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பாதை காலியா என்று பார்க்க இன்னொரு வழியான அச்சு எண்ணும் கருவியைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே போன அச்சு எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று அது கணக்கு வைக்கும். கணக்கு தப்பினால் பூஜ்யத்துக்குத் திருப்ப ஒரு பொத்தான் உண்டு. உள்ளே ஒரு பெட்டிகூட நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அதை அழுத்த வேண்டும். பல இடங்களில், அழுத்திய பிறகும் முதல் வண்டியை மெதுவாகத்தான் விடுவார்கள். லெவல் கிராசிங் கேட்டுகள் இன்னொரு நாளைக்கு. வணக்கம்.