உண்டியல் ஏன் இலேசாகிவிட்டது?

வணக்கம். வெளிச்சம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், மன்னியுங்கள். மகள் தூங்கும்போதுதான் இதைப் பேச முடியும், ஏனென்றால் இது அவளைப் பற்றியது. சரியாகச் சொன்னால், நான் செய்த தப்பைப் பற்றியது.

அவளுக்கு ஆறு வயது. எங்கள் வீட்டுப் பின்னால் மின்கம்பியில் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். அதைக் கிட்டத்தில் பார்க்க பைனாகுலர் வேண்டுமாம். பொம்மைக் கடையில் 400 ரூபாய். சேர்த்து வாங்கு என்று மண் உண்டியல் ஒன்று கொடுத்தேன். ஞாயிறுதோறும் பாட்டி பத்து, நான் பத்து. இருபது வாரம்! ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு யுகம் என்பது அப்போது உறைக்கவில்லை.

போதாததற்கு பைனாகுலர் படத்தை வேறு ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்தேன். ஆசை இருந்தால் சேர்ப்பாள் என்று நினைப்பு. தினமும் அதைப் பார்த்து அழுகைதான். 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் தொடங்கிய மார்ஷ்மெல்லோ (பஞ்சு போன்ற ஒரு மிட்டாய்) சோதனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்: இப்போதே என்றால் ஒரு இனிப்பு, காத்திருந்தால் இரண்டு. அதிலேயே, இனிப்பைக் கண்ணெதிரே வைத்தபோதுதான் குழந்தைகள் சீக்கிரம் தோற்றார்கள். மறைத்து வைத்தால் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். சரி, படத்தைக் கிழித்தாயிற்று. அழுகையும் நின்றது.

எட்டாவது வாரம் 160 ரூபாய் சேர்ந்திருந்தது. அன்று சிலிண்டர் கொண்டுவந்தவருக்குக் கொடுக்கக் கையில் சில்லறை இல்லை. உண்டியலைக் கவிழ்த்து, ஹேர்பின்னால் நெம்பி, பத்து ரூபாய்க் காசு பத்து எடுத்தேன். சாயங்காலம் திருப்பிப் போட்டுவிடலாம் என்றுதான். போடவில்லை, மறந்தே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை உண்டியலைத் தூக்கியவள், "அம்மா, இது ஏன் இலேசா இருக்கு?" என்றாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்று கிடைத்த இருபதும் நேராக ஜவ்வு மிட்டாய்க்குப் போனது. அடுத்த இரண்டு வாரமும் அப்படியே. "உனக்குப் பொறுமையே கிடையாது" என்று நான் கத்த, என் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "அவ போட்ட காசை எடுத்தது யாரு?" என்று கேட்டார்.

அப்புறம்தான் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்றைப் படித்தேன், 2013-ல் வெளியானது. மொத்தமே 28 குழந்தைகள். முதலில் பழைய கிரேயான்களைக் கொடுத்து, "பொறு, நல்லது கொண்டுவருகிறேன்" என்கிறார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேரிடம், "மன்னித்துக்கொள், இல்லையாம்" என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். ஸ்டிக்கரிலும் அதே கதை. அதற்குப் பிறகு மார்ஷ்மெல்லோ. வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் மூன்று நிமிடம். பதினைந்து நிமிடமும் முழுதாகக் காத்திருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 14-க்கு 9 பேர், இரண்டாவதில் ஒரே ஒரு குழந்தை.

அந்த மூன்று நிமிடக் குழந்தைகளைப் பொறுமை இல்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? கணக்கு தெரிந்தவர்கள். என் மகளும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறாள்: உண்டியலில் போட்டால் காணாமல் போகும், மிட்டாய் வயிற்றுக்குள் பத்திரம்.

அவளிடம் உண்மையைச் சொன்னேன். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆறு வயதுப் பிள்ளை முன்னால் தலைகுனிந்து நிற்பது. நூறைத் திருப்பிப் போட்டேன். தாமதத்துக்கு ஒரு பத்து வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கினாள். மண் உண்டியலை உடைத்துவிட்டு இப்போது ஊறுகாய் பாட்டிலில் சேர்க்கிறோம். காசு எவ்வளவு ஏறியது என்று வெளியிலிருந்தே தெரிகிறது.

அது ஆகி ஆறு வாரம். 290 இருக்கிறது, இன்னும் 110 வேண்டும். பாட்டில் அவள் கட்டிலுக்கு அடியில்தான் தூங்குகிறது. மூடி மேல் செல்லோ டேப், நான்கு சுற்று. அது எனக்காகத்தான்.