டில்லிக் குளிரும் காலை நடையும்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

காலையில் நடங்கள் என்று சொல்லிச் சொல்லி உங்களைப் பழக்கியதே எங்களைப் போன்ற மருத்துவர்கள்தான். இன்று டில்லியின் காற்று மாசைப் பார்த்து அதை நிறுத்தச் சொல்ல வந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், நவம்பர் முதல் ஜனவரி வரைதான்.

டில்லியில் குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடுகிறது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அதை மூடி போட்டதுபோல் அமுக்கி வைக்கிறது. வண்டிப் புகை, குப்பைப் புகை, நவம்பரில் பஞ்சாப், அரியானா வயல்களில் எரிக்கும் நெல்தாள் புகை எல்லாம் அடியிலேயே தங்கிவிடும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் கலையும். லோதி தோட்டம் பச்சைப்பசேலென்று இருக்கிறதே என்று ஐந்து மணிக்குப் போகாதீர்கள். வேகமாக நடக்கும்போது பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறோம். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குப் போங்கள். கிளம்புமுன் காற்றின் தரத்தைக் காட்டும் 'சமீர்' செயலியைக் கைபேசியில் பாருங்கள். அதில் காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டியிருந்தால் கூடத்திலேயே நடந்தால் போதும்.

அப்புறம், முகக்கவசம். நமக்குப் பகை 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள். தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் தேறும். கைக்குட்டை, துணி மாஸ்க் எதுவும் இதற்கு ஆகாது, என்95 வேண்டும். அதையும் பொருத்திப் போட வேண்டும். மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அழுத்திவிட்டு ஊதிப் பாருங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கோபிக்கக் கூடாது: தாடி இருந்தால் ஓரங்களில் காற்று புகுந்துவிடும். விரதம் முடியும்வரை வெளியே அலைவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், சாமி.

வீட்டுக்குள்ளும் நாமே புகை போடுகிறோம். காற்றுச் சுத்திகரிப்பானை ஓடவிட்டுப் பக்கத்திலேயே சாம்பிராணி போட்டால் அது பாவம், என்ன செய்யும்? இந்த மூன்று மாதம் ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் வேண்டாம். விளக்கு மட்டும் ஏற்றுங்கள். துடைப்பத்துக்குப் பதில் ஈரத் துணி. வெல்லம் தின்றால் நுரையீரல் சுத்தமாகும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். ஆகாது, சர்க்கரைதான் ஏறும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் தந்த இன்ஹேலரைத் தாமாக நிறுத்த வேண்டாம். இதய நோயாளிகள் கூடுதல் கவனமாக இருங்கள். இந்தத் துகள் ரத்தத்திலும் கலக்கும், மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும். நெஞ்சு இறுக்கினால் 'புகைதானே' என்று படுத்துவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.