பள்ளிக் கதவைத் திறந்தது சட்டமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மயிலாப்பூர் அரங்கில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்த புத்திசாலிகளே, பிடிக்காமல் விசிறிக்கொண்டிருக்கும் நல்லவர்களே, வணக்கம்.

"சிறப்புக் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது சட்டமா, சமூகத்தின் மனமா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவி அம்மா உருக்கமாகப் பேசினார்கள். பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டிலேயே காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் பள்ளி வந்ததே, அப்போது எந்தச் சட்டம் இருந்தது என்று கேட்டார்கள். அந்தப் பள்ளிகளைக் கட்டியவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன் அம்மா. ஆனால் அங்கே இடம் நிரம்பிய பிறகு வந்த பிள்ளை யாரிடம் முறையிட்டது? கொடுத்தால் புண்ணியம், கொடுக்காவிட்டால் குற்றமில்லை. அவ்வளவுதானே மனத்தின் கணக்கு?

கொஞ்சம் அமெரிக்கா பக்கம் போய் வருவோம், விசா வேண்டாம். பென்சில்வேனியா மாநிலத்தில், ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி எட்டாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாம் என்று சட்டமே இருந்தது. "பார்த்தீர்களா, கதவை மூடியதே சட்டம்தான்" என்று எதிரணி குறிப்பெடுப்பது தெரிகிறது. எடுங்கள். அதை உடைத்தது எது? அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சங்கம் ஒன்று போட்ட வழக்கு. 1971, 72இல் தீர்ந்தது. அதே 1972இல் வாஷிங்டனில், பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக மில்ஸ் வழக்கு. "பணம் இல்லை" என்றது கல்வி வாரியம். பணப் பற்றாக்குறையின் சுமை மற்றப் பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகள் தலையில் கூடுதலாக விழக்கூடாது என்றது நீதிமன்றம். 1975இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுத்தில் வேண்டும். பெற்றோருக்கு ஒப்புதல் இல்லையென்றால் நடுநிலை விசாரணை கேட்கலாம். விசாரணை முடியும்வரை பிள்ளையை இருக்கும் வகுப்பிலிருந்து நகர்த்தக்கூடாது. இந்தக் கடைசி விதியைப் பாருங்கள். எந்த நல்ல மனத்துக்கு இது தோன்றியிருக்கும்? வழக்காடி அடிபட்டவர்களுக்குத்தான் தோன்றும்.

நம் ஊருக்கு வருவோம். எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, "1995 மாற்றுத்திறனாளிகள் சட்டம், 2009 கல்வி உரிமைச் சட்டம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இத்தனை இருந்தும் 'எங்களிடம் ஸ்பெஷல் எஜுகேட்டர் இல்லை, வேறு ஸ்கூல் பாருங்கள்' என்று அனுப்புகிறார்களே" என்றார். உண்மை. ஏன் அனுப்ப முடிகிறது? சட்டத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள் தம்பி. 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்க்க அரசு "முயல வேண்டும்" என்கிறது. முயல்வதை எந்த அளவுகோலால் அளப்பது? அந்த ஒரு சொல்லில் சட்டம் உங்கள் கட்சிக்குத் தாவி, விஷயத்தை மனத்திடம் விட்டுவிட்டது. அங்கேதான் கதவு பாதி மூடிக் கிடக்கிறது.

"கூடாது" என்று சொன்ன இடத்தைப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவு: சேர்க்கைக்கு முன் குழந்தையை வடிகட்டக்கூடாது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த பிள்ளையை உட்காரவைத்து, "கலர் சொல்லு, பத்து வரை எண்ணு" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 வரை. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அங்கே 2016 சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொரு தந்திரம்: "பாவம் பிள்ளை, வீட்டிலிருந்தே படிக்கட்டுமே." கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தைக் காட்டுவார்கள். அதில் என்ன இருக்கிறது? பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள குழந்தை வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுப்பது குழந்தை, பள்ளி அல்ல!

பெற்றோர் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லாம் வாய்ப்பேச்சு. பிரின்சிபால் அறையில் காபி கொடுத்து, ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார்கள், கையில் ஒரு தாள் இருக்காது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை தரவில்லையென்றால் அஞ்சலில் அனுப்பிச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். "எழுதிக் கொடுங்கள்" என்றதும் பல இடங்களில் சீட்டு தானாக முளைக்கும். முளைக்காவிட்டால் அந்தத் தாள்களோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம். ஆட்களை வரவழைத்து விசாரிக்க சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது என்பார்கள். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்குத்தான் அந்த 40. பாகுபாடின்றிச் சேர்ப்பதற்கு அந்த வரம்பு கிடையாது. தேர்வில் உதவி எழுத்தர் கேட்கவும் 40 கட்டாயமில்லை என்று 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பொதுத்தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே போக வேண்டும். ஹால் டிக்கெட் வந்தபிறகு ஓடினால் எந்தத் தீர்ப்பும் நேரத்துக்கு வந்து நிற்காது.

ஆசிரியர் இல்லை என்ற சாக்குக்கும் 2021இலேயே பதில் வந்தது. எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று கணக்கு வையுங்கள் என ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 15 பேருக்கு ஒருவர் என்று 2022இல் அரசு அறிவித்தது. மனம் என்றைக்காவது 10, 15 என்று எண் சொல்லியிருக்கிறதா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணிக்கு ஒரே கேள்வி. நல்ல மனம் படைத்த பிரின்சிபால் ஒருவர் ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார். மே மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். ஜூனில் அந்தப் பிள்ளைக்கு யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கலாமா, வேண்டாமா?